அயல்நாட்டு வாசலில் ஒரு குலுக்கல்

மார்ச் மாதத்தின் கடைசி வாரம். மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவிலும் ஊர்மேல் விட்டுக்கொண்டிருக்கும் அந்நாட்களில், திண்டுக்கல் நாகல் நகரின் சந்துகளில் ஏதேனும் ஒரு வீட்டில் நள்ளிரவுக்குப் பின்னும் விளக்கு எரிந்துகொண்டிருப்பதைக் காணலாம். கூடத்து நாற்காலியில் கைப்பேசியை மடிமேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவர், இளமை முதல் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்துக் கை காய்த்துப்போன தகப்பனார். அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் தாயார். மகன் ஊருக்கு அருகிலேயே பொறியியல் படித்து, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடனில் அமெரிக்காவில் மேற்படிப்பும் முடித்து, டெக்ஸஸ் மாகாணத்தில் ஒரு கம்பெனியில் பணிபுரிகிறான்.

“ஏங்க, தம்பிகிட்டருந்து ஏதாச்சும் தகவல் வந்துச்சா?”

“அங்க இப்பத்தான் மத்தியானம். வந்தா அவனே கூப்பிடுவான். நீ போய்ப் படு.”

“இது மூணாவது தடவைங்க. இதுலயும் பேரு விழலேன்னா?”

அக்கேள்விக்கு அவரிடம் விடையில்லை. பையன் பரீட்சையில் தேறிவிட்டான், வேலையிலும் தேறிவிட்டான், முதலாளிக்கு அவன் வேண்டும், அவனுக்கும் அவ்வேலை வேண்டும். இத்தனையும் கூடி வந்த பிறகும், கடல் கடந்த ஒரு சர்க்காரின் கணினி எந்தப் பெயர்களைப் பொறுக்கி எடுக்கிறதோ அதைப் பொறுத்தே அவன் அங்கே தங்குவதும், பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவதும் நிர்ணயமாகின்றன. எச்-1பி என்று வீடுதோறும் வழங்கும் அமெரிக்க வேலை விசாவைப் பற்றி, பூ மார்க்கெட்டிலும் பிரியாணிக் கடைகளிலும்கூட இன்று பேச்சு நடக்கிறதென்றால், அப்பேச்சின் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றுதான்: ஒரு மனிதனின் வாழ்வைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது நியாயமா?

இக்கட்டுரை எழுதுபவனின் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வருபவர் பலராகவும் இடம் சிலவாகவும் இருக்குமிடத்தில், தகுதியில் சமமாக நிற்பவர்களுக்கிடையே குலுக்கிப் போடுவதைக் காட்டிலும் பாரபட்சமற்ற வழி வேறில்லை. ஆனால் குடத்தில் எவர் பெயர் எத்தனை முறை இடப்படுகிறது, குலுக்குகிற கையை எவர் பார்க்கிறார், பலமுறை தோற்றவனுக்கு என்ன கைம்மாறு என்னும் மூன்று விஷயங்களில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

குடத்துக்குள் காசு

பின்னணி சுருக்கமானது. ஓராண்டுக்கு 65,000 பேர், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 பேர் என்று அந்நாடு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2007 ஏப்ரலில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கிய இரண்டே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை குவிந்துவிடவே, குலுக்கலே கதியென்று ஆயிற்று. இவ்விசா பெறுவோரில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள்.

நாளடைவில் இதில் ஒரு தந்திரம் புகுந்தது. மனுச் செய்பவர் முதலாளியாகையால், ஒரே ஆளுக்காகப் பல கம்பெனிகள் பதிவு செய்தால் அவன் பெயர் குடத்தில் பலமுறை விழும். நாணயமாக ஒரே ஒரு பதிவோடு நின்ற பையன், பத்துப் பெயர்ச்சீட்டோடு வந்தவனோடு போட்டியிட நேர்ந்தது. 2024 மார்ச் முதல், எத்தனை கம்பெனிகள் பதிவு செய்தாலும் ஆளுக்கு ஒரே சீட்டு என்று விதி செய்தார்கள். அந்த ஒரே திருத்தத்தில் பதிவுகளின் எண்ணிக்கை எப்படிச் சரிந்தது என்பதைக் கட்டத்தில் காண்க.

┃ கட்டச் செய்தி: எச்-1பி கணக்கு
┃ 2023 மார்ச் குலுக்கலில் தகுதியான பதிவுகள்: 7,58,994
┃ அவற்றுள் ஒரே ஆளுக்குப் பல பதிவுகள் என்ற வகையில் வந்தவை: 4,08,891
┃ ஆளுக்கு ஒரு சீட்டு விதி வந்தபின், 2024 மார்ச்சில் தகுதியான பதிவுகள்: 4,70,342
┃ 2025 மார்ச்சில்: 3,43,981, தேர்வானவை 1,20,141
┃ பதிவுக் கட்டணம்: 2020இல் 10 டாலர், 2025இல் 215 டாலர்

இவ்வாறு ஒரு கறை துடைக்கப்பட்ட மறு ஆண்டே, வேறொரு கறை படியத் தொடங்கியது. 2025 செப்டம்பர் 19ஆம் தேதி அமெரிக்க அதிபர் வெளியிட்ட பிரகடனம், அந்நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் போடப்படும் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர், அதாவது அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 88 லட்சம் ரூபாய், செலுத்த வேண்டும் என்றது. அதன்பின், குலுக்கலையே சம்பளத்தின் எடைப்படி நடத்தும் விதியும் பிறந்து, 2026 பிப்ரவரி 27 முதல் அமலாகும்படி அறிவிக்கப்பட்டது. வேலைக்குரிய தொழிலிலும் வட்டாரத்திலும் நிலவும் ஊதியத்தை நான்கு படிகளாகப் பிரித்து, மேல்படிச் சம்பளக்காரனின் பெயரை நான்கு முறையும், கீழ்ப்படிக்காரனின் பெயரை ஒரே முறையும் குடத்தில் இடுவது அவ்விதியின் சாரம். விதியைச் செய்த இலாகாவே போட்ட கணக்கின்படி, மேல்படியில் நூற்றுக்கு 61 பேருக்கும், கீழ்ப்படியில் 15 பேருக்கும் சீட்டு விழும்.

இவ்விதிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் உண்மை அறவே இல்லையென்று சொல்லிவிட முடியாது. குறைந்த கூலிக்கு ஆள் இறக்கி உள்நாட்டவரின் வயிற்றில் அடித்த கம்பெனிகள் இருந்தன என்பதை மறுப்பது கண்ணை மூடிக்கொள்வதாகும். எனினும் கீழ்ப்படிச் சம்பளம் யாருடையது? படிப்பை முடித்து முதல் வேலைக்கு வந்தவனுடையது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன், முதல் வேலையில் முதல் படியிலேதான் நிற்பான். நான்காம் படிக்கு ஏறப் பத்தாண்டு வேண்டும். அந்தப் பத்தாண்டு அங்கே தங்குவதற்கோ இந்தச் சீட்டு வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டு என்று முன்னாண்டு செய்த நல்ல காரியத்தை, ஆளுக்கு நான்கு சீட்டு என்று மறுபடி கெடுத்துக்கொண்டார்கள்.

தோற்ற பெயரின் பின்விளைவு

பெயர் விழாவிட்டால் என்ன ஆகும்? பட்டம் பெற்றபின் வேலை பழகுவதற்கென்று அமெரிக்கா தரும் அனுமதி ஓராண்டு; அறிவியல், பொறியியல் பிரிவினருக்கு மேலும் 24 மாதங்கள். ஆக, ஒரு பையனுக்கு ஏறக்குறைய மூன்று குலுக்கல்கள் வாய்க்கின்றன. மூன்றிலும் தவறினால், டாலரில் அடைப்பதாக எண்ணி வாங்கிய கடனை ரூபாயில் அடைக்க வேண்டிய நிர்ப்பந்தம் வருகிறது. ஊர்ச் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போய்விட, வட்டி மட்டும் குறையாமல் நிற்கிறது. அண்ணன் கடன் தீரட்டும் என்று தங்கையின் கல்யாணம் தள்ளிப்போகிறது. பெண் வீட்டார் ஜாதகத்தோடு விசாவையும் விசாரிக்கும் காலமாகையால், அவனுடைய வரனும் நழுவுகிறது.

இவற்றினும் கொடிது ஒன்றுண்டு. குலுக்கலில் தோற்றவனைத் தகுதியற்றவனென்று எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அதுவே குலுக்கலின் பெருமை. பரீட்சையில் தவறியவனுக்கு வெட்கம் உண்டு, சிபாரிசு கிடைக்காதவனுக்கு மனக்கசப்பு உண்டு. குலுக்கலில் பெயர் விழாதவனுக்கு இரண்டும் வேண்டியதில்லை. எனினும் அவன் தலையிலே “ராசி இல்லாதவன்” என்ற பட்டத்தைக் கட்டுபவர்கள் உறவினரும் அக்கம்பக்கத்தாருமே. கோட்டை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு அழும் தாய்க்கு, உன் பிள்ளையிடம் ஒரு குறையுமில்லை, மூன்று லட்சத்துச் சொச்சம் பேரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவனைப்போலவே வெளியே நிற்கிறார்கள் என்று எடுத்துச் சொல்பவர் இல்லை.

உத்தரமேரூரில் விரிந்த உள்ளங்கை

குலுக்கலைச் சூதாட்டமாக எண்ணும் வழக்கம் நம்மிடம் புதியது. 1968இல் அரசே தொடங்கி 2003இல் அரசே தடைசெய்த பரிசுச்சீட்டு, பல குடும்பங்களின் கூலிப் பணத்தைக் கரைத்தது. அந்தக் கசப்பே நெஞ்சில் நிற்கிறது. ஆனால் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் வெட்டப்பட்ட சாசனங்கள், ஊராட்சி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடவோலையை விதித்தபோது, குலுக்கலை எவ்வளவு பயபக்தியோடு நடத்த வேண்டுமென்பதையும் விதித்தன.

ஊரை முப்பது குடும்பாக, அதாவது வட்டாரமாக, வகுத்து, குடும்புக்கு ஒரு கட்டாக ஓலைகள் இட வேண்டும். பெயர் எழுதப்படுபவனுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குள்ளும் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் விலக்கப்படுவர். முந்திய மூன்றாண்டுகளில் பதவி வகித்தவனுக்கும் இடமில்லை. இவ்வளவும் முடிந்தபின், சபை முழுவதும் பார்க்கும்படி குடத்தை எடுத்துக் காட்டி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்வார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன், ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையிலேதான் வாங்க வேண்டும். வாசித்துக் காட்ட, மற்றவர்களும் வாசிக்க வேண்டும். விரல் மடங்கியிருந்தால் வேறோர் ஓலை அதனுள் ஒளிந்திருக்கலாமல்லவா!

நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அக்குடத்தில் இடமில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அச்சபையார் கண்ட ஓர் உண்மை இன்றும் பழுதுபடாமல் நிற்கிறது: குலுக்கல் நியாயமாக இருந்தால் மட்டும் போதாது, தோற்றவனும் கண்ணாரக் கண்டு ஒப்புக்கொள்ளும்படி நடக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் இருபத்தைந்து சதவீத இடங்களுக்கு மனுக்கள் மிகுந்தபோது, நம் ஊர்ப் பள்ளிகளில் பெற்றோர் முன்னிலையில் சீட்டெடுத்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். விசாக் குலுக்கலில் அத்தகைய காட்சி ஏதுமில்லை. கணினிக்குள் என்ன நிகழ்கிறதென்று நாகல் நகரத்துத் தகப்பனாருக்குத் தெரியாது, பையனுக்கும் தெரியாது, அவனுடைய முதலாளிக்கும் தெரியாது.

பேகம்பூர் அறிந்த பாடம்

ஹைதர் அலியின் சகோதரியின் பெயரோடு பிணைந்த திண்டுக்கல் பேகம்பூரில், குலுக்கலுக்குக் காத்திருத்தல் புதிய அனுபவமன்று. இந்தியாவுக்கு சவூதி அரேபியா ஒதுக்கும் ஹஜ் இடங்கள் 1,75,025. அவற்றுள் ஹஜ் கமிட்டி வழியாகச் செல்லும் இடங்களுக்கு மனுக்கள் மிகும் ஆண்டுகளில், ‘குர்ஆ’ எனப்படும் குலுக்கலே வழி. மூட்டுவலியோடு மூன்றாண்டு மனுப்போட்டுத் தவறியவர்கள் இவ்வூரில் இருக்கிறார்கள்.

ஹஜ் குலுக்கலில் முன்னர் ஓர் ஏற்பாடு இருந்தது. தொடர்ந்து மூன்று முறை மனுப்போட்டும் பெயர் விழாதவருக்கு, நான்காம் முறை குலுக்கலின்றியே இடமளித்தார்கள். 2018இல் வந்த புதிய ஹஜ் கொள்கை அதைக் கைவிட்டது. முதியோருக்கான முன்னுரிமை நிற்கிறது. கைவிட்டதற்குக் காரணங்கள் இருக்கலாம். எனினும் அவ்வேற்பாட்டின் உட்பொருள் போற்றத்தக்கது. அதிர்ஷ்டம் ஒருவனை ஒருமுறை கைவிடலாம், இருமுறை கைவிடலாம்; ஒரே மனிதனை ஓயாமல் கைவிடும்படி ஒரு சர்க்கார் விட்டுவைப்பது நியாயமாகாது. எவருக்கேனும் குடத்தில் இரண்டாம் ஓலை இட வேண்டுமானால், அதிகச் சம்பளம் வாங்குபவனுக்கு இடுவதைக் காட்டிலும், அதிக நாள் காத்திருந்தவனுக்கு இடுவதே தர்மம். அமெரிக்கா எடை போட விரும்பினால் பொறுமையை எடை போட்டிருக்கலாம்.

தரகனைத் தோற்கடித்த சீட்டு

வேடசந்தூர் நூற்பாலையில் ஷிப்டு பார்க்கும் இளைஞனுக்கு எச்-1பி எட்டாக் கனி. அவன் கண் வைப்பது துபாயும், சவூதியும், மலேசியாவும். அவனுக்கு எதிரே நிற்பது குலுக்கல் அன்று, ஏஜென்ட். ஆட்சேர்ப்பு முகவர் முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாமென்று அரசு வரம்பு கட்டியிருக்க, லட்சங்களைக் கந்துவட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் கதை கிராமத்துக்கு ஒன்றாவது கிடைக்கும். கங்காணி தன் ஊரிலும் தன் சாதியிலும் ஆள் பிடித்து மண்டபம் முகாம் வழியே இலங்கைத் தோட்டங்களுக்கு ஏற்றிய காலந்தொட்டு, நம் பக்கத்து ஏழையின் கடற்பயணம் இடைத்தரகனின் தயவில்தான் நடந்து வந்திருக்கிறது.

இதற்கு மாற்றாக ஒரு பரிசோதனை வங்காளதேசத்தில் நடந்தது. மலேசியாவின் பனையெண்ணெய்த் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்ப, 2013இல் வங்காளதேச அரசு தரகர்களை விலக்கிவிட்டுத் தானே மனு வாங்கியது. பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள், இடமோ ஏறக்குறைய முப்பதாயிரம், குலுக்கினார்கள். முஷ்ஃபிக் மொபாரக் முதலிய ஆராய்ச்சியாளர்கள், பிற்பாடு வென்றவர் குடும்பங்களையும் தோற்றவர் குடும்பங்களையும் ஒப்பிட்டார்கள். இரு சாராரும் ஒரே விதமான ஏழைகள்; வேறுபாடு சீட்டு ஒன்றே. கடல் கடந்தவரின் வருமானம் மும்மடங்காகியிருந்தது. வீட்டில் வறுமை குறைந்திருந்தது. தரகர் வழியாகப் போவதைவிடச் செலவும் மிகக் குறைவு. பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து நியூசிலாந்துக்குக் குலுக்கலில் சென்றவர்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, முதலாண்டிலேயே வருமானம் 263 சதவீதம் உயர்ந்ததைக் கண்டது. ஒரு சீட்டு ஒரு தலைமுறையையே தூக்கிவிடுமாயின், அச்சீட்டைப் பணம் படைத்தவனிடம் விற்பது எத்தகைய பாவம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

┃ கட்டச் செய்தி: இந்தியர் பெயர் இடக்கூடிய குடங்கள்
┃ பிரிட்டன், இளம் தொழில்முறையாளர் திட்டம்: ஆண்டுக்கு 3,000 இடம் வரை, வயது 18 முதல் 30, பட்டப்படிப்பு வேண்டும், ஈராண்டு தங்கலாம், குலுக்கலில் சேரக் கட்டணமில்லை.
┃ ஆஸ்திரேலியா, வேலையும் விடுமுறையும் விசா: 1,000 இடம், 2024 அக்டோபரில் முதல் இரு வாரத்திலேயே வந்த மனுக்கள் ஏறக்குறைய 40,000, கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர்.
┃ ஆஸ்திரேலியா, ‘மேட்ஸ்’ திட்டம்: ஆண்டுக்கு 3,000 இடம், புதிதாகப் பட்டம் பெற்ற இளைஞருக்கு.
┃ எச்சரிக்கை: அமெரிக்கப் பன்முக விசாக் குலுக்கலில் இந்தியாவில் பிறந்தவருக்குப் பொதுவாக இடமில்லை. “கிரீன் கார்டு லாட்டரி விழுந்துவிட்டது” என்று பணம் கேட்டு வரும் கடிதங்களை நம்பாதீர்.

குலுக்கக் கூடாத இடம்

திண்டுக்கல்லுக்கு அருகே தோட்டனூத்தில், இலங்கைத் தமிழர்களுக்கென்று தமிழக அரசு கட்டிய 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறந்து வைக்கப்பட்டன. தகரத்தின் கீழும் ஓலையின் கீழும் பல்லாண்டு கழித்தவர்களுக்கு அவை பெரும் ஆறுதல். ஆனால் அவ்வீடுகளில் வசிப்பவர்களில் பெரும்பாலோர், இம்மண்ணிலேயே பிறந்தவர் உட்பட, இந்தியப் பிரஜைகளாக ஏற்கப்படவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மேற்சொன்ன கட்டத்திலுள்ள குடங்களில் ஒன்றிலும் அவர்கள் பெயர் இட முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால்தானே!

இவர்களுக்கும் ஒரு குலுக்கல் வைத்து, ஆண்டுக்கு இத்தனை பேரென்று குடியுரிமை வழங்கலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை வன்மையாக மறுக்க வேண்டியிருக்கிறது. மேலான சம்பளத்தை நாடிப் போகிறவன் சலுகை கேட்கிறான். சலுகை குறைவாக இருக்கும்போது குலுக்கலாம். உயிருக்கு அஞ்சி வந்தவன் கேட்பது உரிமை. உரிமையைக் குலுக்குவது கூடாது. மனிதரை எண்ணிக்கையாகப் பங்கிட்டால் என்ன நேரும் என்பதை இம்மாவட்டம் ஒருமுறை கண்டிருக்கிறது. 1964இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று கணக்கெழுதியது. அண்ணன் ஒரு பக்கத்திலும் தங்கை மறுபக்கத்திலுமாகப் பிரிந்த குடும்பங்களில் சில, கொடைக்கானல் மலைச்சரிவுகளில் வந்து இறங்கின. எவரையும் கேளாமல் வகுத்த கணக்கு அது.

டெல்லியும் சென்னையும் செய்யக்கூடியது

அமெரிக்காவின் விதியை நாம் மாற்ற முடியாது. ஆனால் பிரிட்டனின் திட்டம் 2021இல் இரு அரசுகளும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையில் பிறந்தது. ஆஸ்திரேலியாவின் இடங்களும் வர்த்தக ஒப்பந்தத்திலும் குடிபெயர்வு ஏற்பாட்டிலும் பேசி வாங்கியவை. பேசி வாங்கியதைப் பேசியே செம்மைப்படுத்தலாம். குலுக்கல் நடக்கும்போது இந்தியத் தூதரகத்தின் பிரதிநிதி ஒருவர் முன்னிலையில் இருக்க வேண்டும். மாநிலவாரியாக எத்தனை பேர் மனுச் செய்தார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்பதை வெளியிட வேண்டும். மூன்று முறை தவறியவரின் பெயரை நான்காம் முறை இரட்டிப்பாக இட வேண்டும். இந்த மூன்று ஷரத்துகளையும் அடுத்த புதுப்பித்தலில் டெல்லி கேட்டுப் பெறுமானால், அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

சென்னைக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிரிட்டன் குலுக்கலில் சேர்வதற்குக் காசு கேட்பதில்லை. பெயர் விழுந்த பிறகு 2,530 பவுண்டு சேமிப்பை இருபத்தெட்டு நாட்கள் வங்கியில் வைத்துக் காட்டவும், விசாக் கட்டணத்தையும் சுகாதாரக் கட்டணத்தையும் தனியே கட்டவும் சொல்கிறது. இவையெல்லாம் கூடினால் நான்கு லட்ச ரூபாயைத் தாண்டும். சின்னாளபட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு ஆயிரத்தில் ஒருவராகச் சீட்டு விழுந்தும், இந்தத் தொகை இல்லாமையால் அது வீணாகிப் போகக்கூடும். 1978 முதல் தமிழக அரசின் கீழ் இயங்கிவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சீட்டு விழுந்த ஏழை மாணவருக்குப் பயணச் செலவையும் தொடக்கச் செலவையும் குறைந்த வட்டியில் கடனாகக் கொடுத்து, அங்கே சம்பாதிக்கும் ஈராண்டுக்குள் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அப்படியொரு திட்டத்தை வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே அறிவிக்கலாம்.